417 – பதிவாகவில்லை

பத்து இருபதுக்கு மோட்டாரைப் போட்டேன். மேலே தொட்டி நிரம்ப முப்பத்தெட்டு நிமிஷம் ஆகும், கோடையில் நாற்பத்தொன்று. எட்டு வீடுள்ள இந்தக் கட்டடத்தில் மோட்டார் போடும் வேலையை என்னிடம் விட்டிருப்பது இந்த எண்ணிக்கைக்காகத்தான், என் மேல் இருக்கிற பிரியத்தால் இல்லை. பத்து ஐம்பத்தெட்டுக்கு நிறுத்த வேண்டும். அதற்குள் பார்த்து முடித்துவிடலாம், வீடியோ இருபத்தேழு நிமிஷம் பதினான்கு விநாடிதான். மகள் வேலைக்குப் போய்விட்டாள். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்தேன். இடது பக்கம் ஒரு நூலளவு இறங்கியிருந்தது. காகிதத்தை மடித்து அடியில் கொடுத்தேன், இப்போது நேராக இருக்கிறது. எல்லாம் நேராக இருக்கிறது, விரல் மட்டும் போகவில்லை. நான்கு நாளாக இப்படித்தான். நான்கு நாளைக்கு முன் சம்பத் போன் செய்தான். நான் வேலை பார்த்த ஆராய்ச்சி நிறுவனத்தில் எனக்குப் பிறகு கேமராவுக்கு வந்தவன். "அண்ணே, விஷயம் தெரியுமா, பழைய டேப்பு அத்தனையும் நெட்ல ஏத்திட்டாங்க. நானோ பேச்சு ஒண்ணு விடாம. ஃப்ரீண்ணே. உலகத்துல எவன் வேணா பாக்கலாம், பாஸ்வேர்டு கூட வேணாம்" என்றான். எத்தனை என்று கேட்டேன். "என்னண்ணே எத்தனை, எல்லாந்தான்." எல்லாம் என்றால் எத்தனை என்று கேட்டேன். அவன் சிரித்தான். "நீங்க மாறவே இல்லண்ணே. இருங்க, பாத்துச் சொல்றேன். அறுநூத்தி நாப்பத்திரெண்டு." அறுநூற்று நாற்பத்தொன்று என்று அவன் சொல்லியிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். அறுநூற்று நாற்பத்திரண்டு என்றால் நானூற்றுப் பதினேழும் உள்ளே இருக்கிறது.

இதற்கு விழா வைத்தார்களாம். இயக்குநர் பேசினார், கணினிப் பிரிவுத் தலைவர் பேசினார், டேப்புகளை மாற்றிக் கொடுத்த கம்பெனிக்காரருக்கு சால்வை போட்டார்கள். விஞ்ஞானம் எல்லோருக்கும் பொது என்று இயக்குநர் சொன்னாராம், சம்பத்தே சொன்னான். ஒரு நல்ல கல்லூரி இல்லாத ஊரில் இருக்கிற மாணவன் கூட இனி உலகத்தின் பெரிய மூளைகள் பேசியதை வீட்டில் உட்கார்ந்து கேட்கலாம் என்றாராம். சரிதான். அந்த மூளைகளுக்கு எதிரே எட்டாவது வரிசை ஓரத்தில் பத்தொன்பது வருஷம் நின்ற கால்களைப் பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். உங்கள் பேரைச் சொன்னார்கள் என்று சம்பத்தாவது பொய்யாகச் சொல்வான் என்று பார்த்தேன், சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன் கேட்டால் அதற்கு ஒரு அர்த்தம் வந்துவிடுகிறது. அறுநூற்று நாற்பத்திரண்டு பேச்சில் எனக்குப் புரிந்தது எத்தனை என்று ஒரு தடவை யாரோ கேலியாகக் கேட்டார்கள். ஒன்று புரிந்தது. ஒரு மில்லிமீட்டரை எடுத்துப் பத்து லட்சமாகப் பங்கு போட்டால் ஒரு பங்கு நானோமீட்டர். முதல் பேச்சிலேயே அது புரிந்துவிட்டது. எண் என்றால் எனக்குப் புரியும். அந்த அளவுக்கு நுணுக்கிப் பார்க்கிற ஆட்கள் எதிரே நிற்கிற ஆளைப் பார்க்க மாட்டார்கள் என்பதும் பிறகு மெல்லப் புரிந்தது. மணி பத்து இருபத்து மூன்று. மூன்று நிமிஷம் போய்விட்டது. பக்கத்தைத் திறந்தேன். வரிசையாக எண் போட்டிருக்கிறார்கள், நான் டேப்பில் ஒட்டிய அதே எண். 416, பார்த்தவர்கள் மூவாயிரத்துச் சொச்சம். 418, ஆயிரத்து இருநூறு. நடுவில் 417, ஸ்வீடன்காரரின் பெயர், ஒற்றை அணுவைத் தொடுதல் என்ற தலைப்பு, பார்த்தவர்கள் இருபத்து மூன்று. யார் இந்த இருபத்து மூன்று பேர். ஏற்றியவன் ஒருவன். சரி பார்த்தவன் ஒருவன். மிச்சம் இருபத்தொன்று. பெரிய ஆளின் கடைசிப் பேச்சு என்று திறந்து, காலி மேடையைப் பார்த்து, பத்து விநாடியில் மூடிவிட்டுப் போனவர்கள் இருபது பேர் என்று வைத்துக்கொண்டாலும் ஒன்று மிச்சம் இருக்கிறது. அந்த ஒன்று திருநெல்வேலிப் பக்கம் நாசரேத்திலிருந்து இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அவள் இப்போது எந்த ஊரில் இருக்கிறாளோ. நாற்பத்தாறு வயது ஆகியிருக்கும்.

அழுத்தினேன். மேடை வந்தது. ஓடாத படம் மாதிரி அசையாமல் நிற்கிறது, பின்னால் பேனர், நடுவில் மைக், வலது பக்கம் பூச்சாடி. இருநூற்றுப் பன்னிரண்டு இருக்கை அரங்கம், ஏசி இரைகிற சத்தம் கூட அதே சத்தம். இது சோதனைக்கு ஓட விட்டது. எந்தப் பேச்சானாலும் இருபது நிமிஷத்துக்கு முன்னால் பொத்தானை அழுத்தி, பத்து விநாடி ஓடவிட்டு, மறுபடி அழுத்தி நிறுத்தி வைப்பேன். அந்தக் கேமராவில் ஓடவும் நிற்கவும் ஒரே பொத்தான். ஒரு தடவை அழுத்தினால் ஓடும், இன்னொரு தடவை அழுத்தினால் நிற்கும். ஓடும்போது முன்பக்கம், மேடையைப் பார்த்தபடி, ஒரு சிவப்பு லைட் எரியும். பின்னால் நிற்கிற எனக்கு அது தெரியாது. எனக்குக் கண் வைத்துப் பார்க்கிற துளைக்குள் நான்கு எழுத்து தெரிய வேண்டும், ஓடுகிறதா நிற்கிறதா என்று. 417 எடுத்த வருஷம் அந்த எழுத்து எனக்குத் தெரியவில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் மனைவியிடம் கூட, அவள் இருந்தவரை, சொன்னதில்லை. ஐம்பத்திரண்டு வயது, கண்ணாடியைக் கழற்றினால் எழுத்து இல்லை, போட்டால் துளையில் கண் பொருந்தவில்லை. சொன்னால் கேமராவை வாங்கிக்கொண்டு சைக்கிள் ஷெட்டுக்கு டோக்கன் கொடுக்க அனுப்பிவிடுவார்கள், கூட வேலை பார்த்த சின்னையாவை அப்படித்தான் அனுப்பினார்கள். அதனால் கண் செய்கிற வேலையை எண்ணிக்கைக்குக் கொடுத்தேன். எத்தனை தடவை அழுத்தினேன் என்று எண்ணிக்கொள்வேன். ஒற்றைப்படை என்றால் ஓடுகிறது, இரட்டைப்படை என்றால் நிற்கிறது. பேச்சாளர் மைக் முன்னால் வந்ததும் ஒன்றிலிருந்து ஐந்து வரை வாய்க்குள் எண்ணி, ஐந்தில் அழுத்தி, அவரைப் பார்த்துத் தலையசைப்பேன். எண்ணிக்கை என்னைக் கைவிட்டதில்லை. அப்படித்தான் நினைத்திருந்தேன். அப்படித்தான் இன்று காலை வரை, இந்த நிமிஷம் வரை, நினைத்துக்கொண்டிருக்கிறேன். மேடையில் இன்னும் யாரும் வரவில்லை. இரண்டு நிமிஷம் நாற்பது விநாடி.

இந்த இரண்டு நிமிஷத்தைத்தான் அன்றைக்கு அவர்கள் பார்த்தார்கள். பேராசிரியர் சீதாபதியின் அறையில் டிவியில் போட்டுக் காட்டினேன். காலி மேடை. "நிறுத்துய்யா, எரிச்சலா இருக்கு" என்றார். பேச்சு டேப்பில் இல்லை. ஒரு மணி நேரப் பேச்சில் ஒரு வார்த்தை இல்லை. ஊருக்குத் திரும்பி ஏழு வாரத்தில் அந்த ஸ்வீடன்காரர் இறந்துபோனார், அதற்கு முன் வேறெங்கும் பேசவில்லை என்பதால் எங்களிடம் இருந்திருக்க வேண்டியது அவருடைய கடைசிப் பேச்சு என்றானது. அங்கிருந்து கடிதம் வந்தது, பதிவை அனுப்புங்கள் என்று. விசாரணை வைத்தார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் நான், சுவரோரம் மாதரசி. சீதாபதியிடம் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த நாசரேத்துப் பெண். ஐந்து வருஷம் முடிந்து, ஆய்வேட்டை எழுதி முடிக்க ஆறு மாத நீட்டிப்புக்கு எழுதிப் போட்டிருந்தாள், கையெழுத்துப் போட வேண்டியவர் சீதாபதி. பேச்சுக்கு முன்னால் கேமரா பக்கம் யாராவது வந்தார்களா என்று என்னிடம் கேட்டார்கள். மாதரசி அம்மா வந்தாங்க, குனிஞ்சு பாத்தாங்க என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவள் பொத்தானைத் தொட்டாள் என்று நான் சொல்லவில்லை. ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. வந்தாள், குனிந்தாள், இரண்டும் நடந்தது. அவள் அந்த மூன்று பேரையும் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள், "நான் தொடலை சார். செவப்பு லைட்டு எரியுதுன்னு அண்ணாச்சிகிட்ட சொன்னேன். அதுக்குத்தான் போனேன்." சீதாபதி என் பக்கம் திரும்பினார். "சொன்னாங்களா?" ஞாபகம் இல்லை சார் என்றேன். ஞாபகம் இல்லாதவன் ஞாபகம் இல்லை என்று சொல்வதுதானே நாணயம். சின்னையா எந்தத் தேதியில் சைக்கிள் ஷெட்டுக்குப் போனான் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. நூற்று மூன்றாவது பேச்சின்போது எத்தனை பேர் தூங்கினார்கள் என்று ஞாபகம் இருக்கிறது, ஒன்பது பேர். அது மட்டும் ஞாபகம் இல்லை. "துரைக்கண்ணு கணக்குல தப்பு வராதும்மா, பதினோரு வருஷமா பாக்கறேன்" என்றார் சீதாபதி. அந்த வார்த்தை எனக்கு இனித்தது. இனித்தது என்பதை இப்போது சொல்லித்தான் ஆக வேண்டும். "அந்த டேப்பை முழுசாப் போட்டுப் பாக்கலாமே சார், அதுலயே தெரிஞ்சுருமே" என்று அவள் கேட்டாள். காலி மேடையில் என்ன தெரியப்போகிறது என்றார்கள். டேப் அப்போது என் சட்டைப்பையில் இருந்தது. மாசம் முடிவதற்குள் நீட்டிப்பு இல்லை என்று காகிதம் வந்தது. இரண்டு சூட்கேஸ், ஒரு பிளாஸ்டிக் வாளி, வாளிக்குள் செருப்பு. கேட்டில் என்னைப் பார்த்து நின்றாள். "வாரேன் அண்ணாச்சி" என்றாள். தலையசைத்தேன், பேச்சாளருக்கு அசைக்கிற மாதிரி.

அண்ணாச்சி. அந்த வார்த்தைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சில வருஷம் நினைத்திருக்கிறேன். ஆரணிப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்தவனுக்கு அண்ணாச்சி என்றால் மளிகைக் கடைக்காரர். அண்ணாச்சி கடையில் கால் கிலோ துவரம்பருப்பு வாங்கி வா என்பார்கள். மற்றவர்கள் என்னைத் துரைக்கண்ணு என்பார்கள், சின்னவர்கள் அண்ணே என்பார்கள். இவள் மட்டும் வந்த முதல் நாளிலிருந்து அண்ணாச்சி. பொட்டலம் மடிக்கிறவன் என்று நினைக்கிறாள், படித்தவள் திமிர் என்று உள்ளே வைத்துக்கொண்டேன். ஒருநாள் ஆய்வுக்கூடத்து வாசலில் ஒரு சோதனைக் குழாயைத் தூக்கிக் காட்டினாள், உள்ளே நல்ல சிவப்பு. "அண்ணாச்சி, இது என்னன்னு சொல்லுங்க பாப்போம்." ரோஸ்மில்க்கா என்றேன், பாலில்லாத ரோஸ்மில்க் மாதிரி இருந்தது. கூட இருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். "தங்கம் அண்ணாச்சி. நானோ அளவுக்குப் பொடிசாக்கிட்டா தங்கம் செவந்துரும். கழுத்துல போட முடியாத தங்கம்" என்றாள். அவளும் சிரித்தாள். தங்கம் எங்கே சிவக்கும், படிக்காதவனை வைத்து விளையாடுகிறார்கள் என்றுதான் நடந்து வந்தேன். பிறகு ஐந்நூற்று ஆறாவது பேச்சில், அவள் போய் இரண்டு வருஷம் கழித்து, ஒரு ஜப்பான்காரர் திரையில் அதே சிவப்பைக் காட்டினார். தங்கம் என்றார். அன்றைக்குக் கேமராவை அந்தச் சிவப்பிலேயே இருநூறு விநாடிக்கு மேல் நிறுத்திவிட்டேன், அதுவும் இப்போது நெட்டில் இருக்கும். வீடியோவில் ஐந்து நிமிஷம் நாற்பது விநாடி. சத்தம். ஆட்கள் வருகிறார்கள். படத்துக்கு வெளியே சீதாபதி குரல், செத்துப்போன மனிதனின் குரல் அரிசி டப்பா மேலிருந்து வருகிறது. "துரைக்கண்ணு, மேடையில தண்ணி வைக்கலையாய்யா? எல்லாத்தையும் நானே சொல்லணுமா?" இதோ வைக்கிறேன் சார் என்று இன்னொரு குரல். மெல்லிசாக, பயந்த குரல். என் குரல் இப்படியா இருந்தது. அதோடு கேமராவை விட்டு நகர்கிற செருப்புச் சத்தம். பத்து விநாடிச் சோதனையை ஐந்தரை நிமிஷமாக நிறுத்தாமல் விட்டிருக்கிறேன், அவர் கூப்பிட்டதும் போயும் விட்டேன். ஏன் நிறுத்தவில்லை. பூச்சாடியை நகர்த்தச் சொன்னார்களா, யாராவது வந்தார்களா, ஒன்றும் காதில் விழவில்லை. நிறுத்தியதாக எண்ணிக்கொண்டேன், அவ்வளவுதான். இரண்டு என்று எண்ணியது ஞாபகம் இருக்கிறது. விரல் செய்யாததை வாய் எண்ணியிருக்கிறது. ஒன்பதாவது நிமிஷத்தில் நானே படத்துக்குள் வருகிறேன். தட்டில் டம்ளர், முதுகு நிமிர்ந்து, முடி கறுப்பாக. டம்ளரை வைத்து, தட்டால் மூடி, ஒரு நூல் இடது பக்கம் நகர்த்துகிறேன். நகர்த்திவிட்டு கேமராவை நேராகப் பார்க்கிறேன். பார்த்தேனே. முன்பக்கம் லைட் எரிந்துகொண்டிருந்திருக்கும், என் கண்ணில்தான் பட்டிருக்கும். எட்டு வரிசை தூரம். அந்த வருஷக் கண்ணுக்கு எட்டு வரிசை அதிகம். பார்த்துவிட்டுத் திரும்பி இறங்குகிறேன்.

இனி அவள் வர வேண்டும். வராமல் இருந்தால் நல்லது. வந்து, ஒன்றும் சொல்லாமல் குனிந்து, ஒரு சத்தம் கேட்டு, படம் அறுந்துபோனால் நான் பதினெட்டு வருஷமாகச் சுமந்தது இறங்கிவிடும். ஏனென்றால் அவள் அழுத்தியிருந்தால் படம் அங்கேயே நின்றிருக்கும், டேப் பொய் சொல்லாது. இதைப் பதினெட்டு வருஷத்துக்கு முன்னாலேயே நான் பார்த்திருக்கலாம். ஓய்வு பெறும்வரை எட்டு வருஷம் டேப் அலமாரிச் சாவி என் இடுப்பில் இருந்தது. கெட்டுப்போன டேப்பைத் தூக்கிப் போடு என்று சீதாபதி சொன்னார். போடவில்லை. 416க்குப் பிறகு 418 வந்தால் எண் தாவிவிடும், பட்டியல் பொய்யாகிவிடும் என்று, 417, பதிவாகவில்லை என்று சீட்டு ஒட்டி அதன் இடத்தில் நிறுத்தி வைத்தேன். பார்க்கவும் இல்லை, போடவும் இல்லை. மாற்றிக் கொடுத்த கம்பெனிக்காரன் சீட்டைப் படித்திருக்க மாட்டான், தமிழ் தெரியாதவனாக இருக்கும். எண்ணைப் பார்த்து ஏற்றிவிட்டான். பதினான்கு நிமிஷம் எட்டு விநாடி. படத்தின் ஓரத்தில் ஒரு துப்பட்டா முனை, மஞ்சள், மேடையிலிருந்து இறங்கிக் கேமராவை நோக்கி வருகிறது. படம் முழுக்க மஞ்சள். பிறகு குரல், அவ்வளவு பக்கத்தில், கன்னத்தில் மூச்சுப் படுகிற பக்கத்தில். "அண்ணாச்சி, செவப்பு லைட்டு எரியுதே. இப்பமே ஓடுதா?" எனக்குத் தெரியும்மா என்கிறது அந்த மெல்லிசுக் குரல். இப்போது அதில் பயம் இல்லை. சீதாபதியிடம் இருந்த பயம் இவளிடம் இல்லை. "இல்ல, டேப்பு பாதியில தீந்துரக் கூடாதுல்லா, அதான் சொல்லுதேன். அவரு பேச்சு இனி கெடைக்காது." "அறுபது நிமிஷ டேப்பு. எனக்குத் தெரியும். நீங்க போய் உங்க எடத்துல உக்காருங்க." ஏசி இரைகிறது. அந்த இரைச்சலில் அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும். "சரி அண்ணாச்சி." மஞ்சள் விலகுகிறது. மேடை மறுபடி வருகிறது. பின்னுக்குத் தள்ளிக் கேட்டேன். அண்ணாச்சி, செவப்பு லைட்டு எரியுதே. மறுபடி தள்ளினேன். அண்ணாச்சி என்பதில் கேலி இருக்கிறதா என்று அந்த வார்த்தையை மட்டும் தனியாகக் கேட்டேன். ஏழு தடவை கேட்டேன். இல்லை. வீட்டில் பெரியவர்களைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. எட்டாவது தடவை எனக்குத் தெரியும்மா என்பதைக் கேட்டேன். கேலி அதில் இருந்தது.

ஞாபகம் இல்லை என்றேனே, இருந்ததா. இப்போது கேட்டபிறகு இருந்த மாதிரி இருக்கிறது. கேட்டதால் இருக்கிற மாதிரி இருக்கிறதா, அன்றைக்கே மேஜை முன்னால் நின்றபோது இருந்ததா. இதை எண்ணிப் பார்க்க வழியில்லை. அவள் லைட் என்று சொன்னதும் எனக்குள் ஒன்று கேட்டிருக்க வேண்டும், ஒற்றையா இரட்டையா என்று. குனிந்து முன்பக்கம் பார்த்திருந்தால் போதும், ஒரு எட்டு. மளிகைக் கடைக்காரன் என்று கூப்பிட்டவள் சொல்லி நான் குனிவதா. பத்தொன்பதாவது நிமிஷம். கைதட்டுகிறார்கள். ஸ்வீடன்காரர் வருகிறார், உயரம், லேசாகக் கூன், மைக்கைத் தன் உயரத்துக்கு ஏற்றுகிறார், டம்ளரைப் பார்த்துப் புன்னகை செய்கிறார். பேச வாயைத் திறக்காமல் என் தலையசைப்புக்குக் காத்திருக்கிறார். உலகத்திலேயே எனக்காகக் காத்திருந்த பெரிய மனிதர்கள் இவர்கள்தான், ஒவ்வொருவரும் ஐந்து எண்ணிக்கை. என் குரல் வருகிறது, கேமரா மைக்குக்கு மிக அருகில், வாய்க்குள். ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு. பிறகு ஒரு சின்னச் சத்தம், நகம் படுகிற சத்தம், அதோடு படம் அறுந்து, ஸ்வீடன்காரர் இல்லாமல் போய், அதே மேடை, காலி மைக், பாதி குடித்த டம்ளர். ஒரு மணி நேரம் அந்த அறுப்புக்குள் போய்விட்டது. முடிக்கிறேன் என்று நான் அழுத்தியபோது அது ஓட ஆரம்பித்திருக்கிறது. நாற்காலிகள் மடங்குகிற சத்தம், சிரிப்பு, யாரோ காபி எங்கே என்கிறார்கள். ஏழரை நிமிஷம் இப்படியே போகிறது. அதன் நடுவில் சீதாபதி, "ரெக்கார்டிங் எப்படிய்யா வந்திருக்கு?" "நல்லா வந்திருக்கு சார். ஒரு நிமிஷம் விடலை." இதை இருபத்து மூன்று பேர் கேட்டிருக்கலாம். ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஒற்றை அணுவைத் தொடுவது எப்படி என்று பார்க்க வந்தவர்களுக்கு எங்கள் பேச்சில் என்ன இருக்கிறது. கீழே கட்டம் ஒன்று இருக்கிறது, உங்கள் கருத்தை எழுதுங்கள் என்று. கருத்துகள் பூஜ்யம். விரல் வைத்து அ என்று அடித்தேன், ண் வந்தது, ணா வந்தது. அதற்கு மேல் எழுத உள்ளே நுழையுங்கள் என்று ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது. பார்ப்பதற்குத்தான் எல்லோருக்கும் ஃப்ரீ. அழித்தேன். மறுபடி பின்னால் தள்ளி பதினான்கு எட்டில் நிறுத்தினேன். அண்ணாச்சி, செவப்பு லைட்டு எரியுதே. இப்பமே ஓடுதா. மறுபடி. மறுபடி. எங்கோ தண்ணீர் கொட்டுகிறது, டேப்பிலா என்று பார்த்தேன், ஸ்வீடன்காரர் இன்னும் வரவில்லை, டம்ளர் மூடியிருக்கிறது. கதவைத் தட்டுகிறார்கள். "அய்யா. அய்யா, உள்ளதான இருக்கீங்க?" கீழ்வீட்டுக் கோமளா. திறந்தேன். முந்தானையெல்லாம் நனைந்திருந்தது. "மாடிப்படி முழுக்க ஆறா ஓடுது. துணியெல்லாம் போச்சு. நீங்க போடற மோட்டாருல தொட்டி வழியுதுன்னா தெருவே சிரிக்கும், மணி என்னன்னு பாத்தீங்களா?" பதினொன்று முப்பத்து நாலு. முப்பத்தாறு நிமிஷம் வழிந்திருக்கிறது. ஆறு வருஷத்தில் ஒரு தடவை வழிந்ததில்லை. அவளைத் தாண்டி இறங்கினேன், படியில் தண்ணீர் செருப்புக்குள் ஏறியது, அவள் பின்னாலேயே பேசிக்கொண்டு வந்தாள். மோட்டார் பெட்டி முன்னால் நின்றேன். விரலைப் பொத்தான் மேல் வைத்தேன். வாய் தானாக எண்ண ஆரம்பித்துவிட்டது, ஒண்ணு, ரெண்டு, மூணு. என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, கோபம் தணிந்து, பாவம் வயசானவர் என்கிற குரலில் கோமளா சொன்னாள், "லைட்டு எரியுது பாருங்கய்யா, ஓடிக்கிட்டுதான் இருக்கு."

"எனக்குத் தெரியும்மா" என்றேன். அதே மெல்லிசுக் குரல்.